ருசிக்கேற்ப

சிக்கந்தராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் பழைய தமிழ்க் குடும்பம் எதிலாவது வேதா மாமியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்த விஸ்கி மாமியா?" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். நான் அவள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியிருந்தவள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

முழுப்பெயர் வேதநாயகி. கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் புரோகிதர் வீட்டுப் பெண். கணவர் வெங்கடகிருஷ்ணன், மத்திய சர்க்கார் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். கிரிஜா என்று ஒரே மகள். நான் கோவில்பட்டிக்காரி. மெட்டுகுடாவில் ரயில்வேக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். இந்தக் கதைக்குள் நான் வந்ததே அந்த இங்கிலீஷால்தான்.

எழுபதாம் வருஷம் வெங்கடகிருஷ்ணனின் கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து மெஷின்களும், அவற்றைப் பூட்டிக் காட்ட எஞ்சினியர்களும் வந்தார்கள். ஒவ்வொரு செக்ஷன் தலைவரும் முறை வைத்து அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரிக்க வேண்டும் என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். பேகம்பேட்டில் ஹோட்டலுக்கா பஞ்சம்? ஆனால் ஹோட்டலில் வைத்தால் அது செலவு, வீட்டில் வைத்தால் அது உறவாம். உபசாரம் என்றால் இட்லியும் கேசரியும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

வெங்கடகிருஷ்ணன் எங்கிருந்தோ இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து மனைவியின் கையில் கொடுத்தார். பானங்கள் கலக்கும் முறைகள் அடங்கிய தடிப் புத்தகம். அவர் கலக்கக் கூடாதா என்றால், அவர் விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேச வேண்டுமாம். வெளி ஆளை வைத்தால் பாட்டில் பாதி காணாமல் போய்விடுமாம்.

"நான் மேலே போனாத்தானே கிரிஜாவுக்கு நல்ல இடமாப் பார்க்க முடியும்? உனக்காகவா கேக்கறேன்? எனக்காகவா?" என்றாராம்.

கிரிஜாவுக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதிலேயே அவள் கல்யாணத்தைக் காட்டி அவள் அம்மாவை வளைத்தாயிற்று. மாமிக்கு மகள் ஒரு நல்ல இடத்தில் வாழ வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக மாமி புத்தகத்தோடு என் வாசலில் நின்றாள். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தாள். படத்தில் இருக்கும் பாட்டில்கூட வெளியே தெரியக் கூடாதாம்.

"டீச்சர், இதுல 'கில்'னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துப் பாடத்தில் யாரும் ஜின்னில் எலுமிச்சை பிழியவில்லை. அகராதியைப் புரட்டினேன். மீனின் செவுள் என்று போட்டிருந்தது. அடுத்து 'ஜிக்கர்' என்றாள். அதற்குக் காலில் துளைத்துக்கொண்டு போகும் ஒருவகைப் பூச்சி என்று இருந்தது.

"சிவ சிவா! மீனையும் பூச்சியையும் போட்டா குடிக்கறா?" என்று மாமி புத்தகத்தைத் தூர வைத்துவிட்டாள். இரண்டு பேருமாக வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் என் பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியில் விஷயம் கிடைத்தது. கில் என்பது அளவு, ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவு. ஜிக்கரும் அளவுதான், ஒன்றரை அவுன்ஸ். அவுன்ஸ் என்றதும் மாமியின் முகம் தெளிந்துவிட்டது. கம்பெனி டிஸ்பென்சரியில் மிக்சர் பாட்டிலின் பக்கத்தில் காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, ஒரு வேளைக்கு ஒரு பல் என்று. அதே மாதிரி ஒரு கண்ணாடித் தம்ளரில் காகிதம் ஒட்டிவிட்டாள். கம்பவுண்டரிடம் அவுன்ஸ் கிளாஸ் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தும் வைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்ததா? 'டாஷ்' என்றால் எவ்வளவு? புத்தகம் சொல்லாது. 'ஒரு லெமனின் சாறு' என்றால் எந்த ஊர் லெமன்? அவர்கள் ஊர்ப் பழம் கைப்பிடி பெரிதாம், புளிப்பும் மட்டாம். நம் எலுமிச்சை கோலிக்குண்டு அளவு இருந்துகொண்டு நாக்கை அறுக்கும். இவ்வளவையும் அந்தப் பெண்பிள்ளை ஒரு குடிகாரனைக் கண்ணால் பார்க்காமல் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் அப்பன் குடித்து அழிந்த வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, அளவும் தேவைப்படவில்லை. அதைச் சொல்லி மாமியைத் தடுத்திருக்கலாம்தான். சொல்லியும் பார்த்தேன். "கிரிஜாவுக்காக, டீச்சர்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

முதல் விருந்து சிரிப்பாய்ச் சிரித்தது. சர்க்கரை சிரப் என்று புத்தகத்தில் இருந்ததை மாமி பாகு என்று எடுத்துக்கொண்டாள். பாகு என்றால் கம்பிப் பதம் வராமல் அடுப்பிலிருந்து இறக்கலாமா? பொரி உருண்டை பிடிக்கிற பக்குவத்தில் காய்ச்சி ஊற்றிவிட்டாள். ஐஸ் பட்டதும் அது கிளாஸுக்கு அடியில் கல்லாய் இறுகிப்போனது. ஒரு வெள்ளைக்காரர் கரண்டியால் அதைக் குத்திக்கொண்டே இருந்தாராம்.

அதைவிடப் பெரிய கூத்து விஸ்கி. 'இரண்டு விரல் விஸ்கி' என்று போட்டிருந்தது. விரல் அளவு நமக்குத் தெரியாதா என்ன? அரிசியைக் களைந்து பாத்திரத்தில் போட்டு, விரலை நிமிர்த்தி விட்டு, எந்த ரேகை வரைக்கும் தண்ணீர் என்று தினம் பார்க்கிறவர்கள்தானே நாம். மாமி அப்படியே விரலைச் செங்குத்தாக வைத்து, இரண்டு விரல் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று நிறுத்திய உயரத்துக்கு ஊற்றிவிட்டாள். அவர்கள் விரலைப் படுக்கவைத்து அளப்பார்கள் என்று அவள் கனவா கண்டாள்? பெரிய அதிகாரி அன்றைக்குப் பாட்டுப் பாடினார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெங்கடகிருஷ்ணனிடம், "உன் மனைவியைப் போல மனசு உள்ளவர்கள் இந்தக் கம்பெனியிலேயே இல்லை" என்றாராம். அதிலிருந்து விருந்து என்றால் அந்த வீடுதான் என்று ஆகிவிட்டது.

கணவர் திட்டிய திட்டில் மாமி பாகையும் விரலையும் சீக்கிரமே சரிசெய்துகொண்டாள். ஆனால் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொற்றொடர் வந்தது. 'டு டேஸ்ட்'. ருசிக்கேற்பச் சர்க்கரை, ருசிக்கேற்ப எலுமிச்சை. அதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை.

"யாரோட ருசிக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

"கலக்குறவுங்க ருசிக்குத்தான் மாமி. நாக்குல வச்சுப் பாத்துக்கணும்."

"நான் குழம்பையே நாக்குல வெச்சுப் பார்த்ததில்லையே டீச்சர்!"

அது உண்மை. அவள் பிறந்த வீட்டில் சமைத்தது முதலில் சுவாமிக்குப் போகும். அதற்கு முன்னால் ஒரு சொட்டு வாயில் பட்டாலும் எச்சில். உப்பைக் கண்ணால் பார்த்துப் போடுவாள், கொதிக்கும் வாசனையில் புளியின் அளவைச் சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் கரண்டி போகிற போக்கில் உள்ளங்கையில் ஊற்றி நக்காமல் ஒரு சாறும் இறங்காது. எனக்கு அவள் சமைக்கும் விதமே ஆச்சரியம். விஸ்கியை நாக்கில் வைப்பது என்ற பேச்சே அவளிடம் எடுபடாது. அடுக்களைக்குள் அந்தப் பாட்டில் போனதில்லை. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, தனிக் கிளாஸ்கள், தனிக் கரண்டி. கலக்கி முடித்ததும் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள்.

ஆகவே ருசி பார்க்கும் வேலை வெங்கடகிருஷ்ணனுக்கு வந்தது. ஒரு கரண்டி எடுத்து நீட்டுவாள். "இன்னும் கொஞ்சம் தித்திப்பு" என்பார். திரும்பக் கலந்து நீட்டுவாள். "புளிப்பைக் குறை" என்பார். அவருடைய நாக்கை வைத்து அவள் அளவு கண்டுபிடித்தாள். இரண்டு மூன்று வருஷத்தில் கண்ணாலும் மூக்காலுமே எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. பெரிய அதிகாரிகள் வீட்டில்கூட இப்படி இல்லை என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குக் கைவந்த பிறகு அவர் ருசி பார்ப்பதை நிறுத்த வேண்டும்தானே? அவர் நிறுத்தவில்லை. கரண்டி அரை கிளாஸ் ஆனது. அரை கிளாஸ் முழு கிளாஸ் ஆனது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்த பிறகும் ஆபீஸிலிருந்து வந்ததும், "வேதா, ருசி பார்க்கலாமா?" என்று கூப்பிடுவார். அந்த வீட்டில் குடிப்பதற்கு அதுதான் பெயர். தினம் ஐஸ் போடும் தள்ளுவண்டிக்காரன், "காய்கூ அம்மா, இத்னா பரஃப்?" என்று, எதற்கு இவ்வளவு ஐஸ் என்று கேட்டால் மாமி ஷர்பத்துக்கு என்பாள். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான் முறைப்பேன்.

மனுஷர் மேலே போனார். கார் வந்தது, போன் வந்தது. பதவியோடு வயிறும் வந்தது. மாமிக்கு வந்தது வேறு. நவராத்திரிக்கு அவள் கொலு வைத்தால் பெண்கள் வாசல்வரை வந்து குங்குமம் எடுத்துக்கொள்வார்கள். சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் மாட்டுக்குப் போடுவார்கள். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் புருஷன்மார்தான் முந்தின வாரம் அதே வீட்டில் கிளாஸை நக்கித் துடைத்துவிட்டுப் போனவர்கள். குடித்தவர்களுக்குத் தீட்டில்லை, கலந்து கொடுத்தவளுக்குத் தீட்டு. இந்த நியாயத்தை எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மாமி அதையும் பொறுத்துக்கொண்டாள். "கிரிஜா கல்யாணம் ஆகட்டும் டீச்சர். அப்புறம் எல்லாத்தையும் ஏறக்கட்டிடுவேன்" என்பாள்.

எண்பத்திரண்டில் அந்த நாள் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் பெரிய வேலை. அப்பா சாம்பசிவம், மாம்பலத்தில் சொந்த வீடு, ரிடையர்டு பாங்க் ஏஜெண்ட். பெண் பார்த்து, பிடித்து, ஜாதகமும் பொருந்தியாயிற்று. நிச்சயம் பேச மாப்பிள்ளையின் பெற்றோர் மறுபடி வந்தார்கள். தட்டு எடுத்துக் கொடுக்க மாமி என்னைக் கூப்பிட்டிருந்தாள். வேறு யாரைக் கூப்பிடுவாள், யார் வருவார்கள்?

காப்பி சாப்பிட்டு முடித்துச் சாம்பசிவம் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைச்சுக்கப்படாது. ஊர்ல ஒரு பேச்சு காதுல விழுந்தது. இந்தாத்துல மாமி..."

"ஆபீஸ் உபசாரம்" என்றார் வெங்கடகிருஷ்ணன் சட்டென்று. "வெளிநாட்டுக்காரா வருவா. நான் மரியாதைக்குக் கையில ஒரு கிளாஸை வெச்சுண்டு நிப்பேன். அவ்வளவுதான்."

அப்போது மணி பதினொன்று. சாயங்காலமாக இருந்தால் அந்த வாயிலிருந்து வரும் வாசனையே பதில் சொல்லியிருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா மாமியைப் பார்த்தாள். "உங்களைத்தான் கேக்கறேன் மாமி. நீங்க கலக்கறதுதான் பிரசித்தமாம். வாயில வெச்சதுண்டா?"

"இல்லை" என்றாள் மாமி. "ஒரு நாளும் இல்லை."

"ருசி பார்க்காம எப்படி அவ்வளவு நன்னாக் கலக்க முடியும்?"

"நான் ரசமும் ருசி பார்க்காமத்தான் வெக்கறேன்."

"சுவாமிக்குப் படைக்கறது வேற மாமி. இது வேற."

மாமி தன் கணவர் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். பயம் கொஞ்சம்கூட இல்லை. தெரிந்த மனுஷன் இருக்கும்போது நமக்கென்ன என்ற முகம்.

"இவரைக் கேளுங்கோ. இவருக்குத் தெரியும்" என்றாள்.

வெங்கடகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்தார், பிறகு சாம்பசிவத்தைப் பார்த்தார். பெரிய மனசு பண்ணுகிற குரலில் சொன்னார்: "அவ குடிக்கறவ இல்லை. கலக்கறச்சே சும்மா ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்ப்பா. பெரிய மனுஷாளுக்குக் குடுக்கறதாச்சே, அதுக்காக. அதுக்குமேல கிடையாது. நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

எனக்குத் தட்டைத் தூக்கி அந்த மனுஷன் மண்டையில் போடலாம் போல வந்தது. வாயைத் திறந்தேன். மாமியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிய அழுத்தினாள். உள்ளறைக் கதவிடுக்கில் கிரிஜா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்த பெண். அப்பா தினம் என்ன செய்கிறார் என்று பார்த்தே வளர்ந்தவள். அவளும் அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், நக்கோ, வேண்டாம், ஒன்றும் சொல்லாதே என்று.

மாமி என் மணிக்கட்டை விட்டுவிட்டு, காலிக் காப்பித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

நிச்சயம் முறியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது, வெங்கடகிருஷ்ணனின் பதவியையும் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கன்னிகாதானத்தைப் பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்யட்டும், அந்த வாயால் மந்திரமும் அந்தக் கையால் தாரையும் வேண்டாம் என்றார்கள். வெங்கடகிருஷ்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றார். அவருக்கு அதில் நஷ்டம் என்ன? கல்யாணத்தன்று அவர் பட்டு வேஷ்டியில் மண்டப வாசலில் நின்று கம்பெனிப் பெரியவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சிக்கந்தராபாத்தில் கல்யாணம். பெரியப்பா மடியில் கிரிஜா உட்கார்ந்திருந்தாள். மாமியின் ஓர்ப்படி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. பெற்றவள் கூட்டத்தில் நாலாவது வரிசையில், என் பக்கத்தில், மடிசார் கட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் நின்றவர்களின் தலை மறைத்தது. எக்கிப் பார்த்தாள். "தண்ணி விட்டாச்சா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். விட்டாச்சு மாமி என்றேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

அந்த வருஷம் தலை தீபாவளிக்குச் சம்பந்திகளும் வந்தார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் சாயங்காலம். நான் தீபாவளிப் பலகாரம் ஒக்காரை வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். கூடத்தில் ஆண்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பசிவம் அசடு வழிந்துகொண்டு, "ஊரெல்லாம் புகழற கைப்பக்குவத்தை நாங்க மட்டும் பார்க்க வேண்டாமா மாமி?" என்றார். மாப்பிள்ளை கூச்சப்பட்டுச் சிரித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வேதா, ஐஸ் இருக்கா பார்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "தாரை வார்க்க ஆகாத கை மாமா இது. இதுக்கும் ஆகாது" என்றாள்.

கிரிஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா, ப்ளீஸ்! டோண்ட் கிரியேட் எ சீன்!" என்றாள். அந்த மகளுக்காகத்தான் இத்தனையும்.

மாமி பின்பக்கம் போய்விட்டாள். நானும் கூடப் போனேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. வெங்கடகிருஷ்ணன் எழுந்து, அலமாரியைத் திறந்து, அவரே கலக்க ஆரம்பித்தார். அளவுக் கிளாஸை எடுக்கவில்லை. கையில் கிடைத்த தம்ளரில் விஸ்கியைக் கவிழ்த்து, எலுமிச்சையைக் கொட்டையோடு பிழிந்து, சர்க்கரையைப் பாகாக்காமல் அப்படியே அள்ளிப் போட்டு, தோசைக் கரண்டியால் கலக்கினார். சோடா பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது.

சாம்பசிவம் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். மாப்பிள்ளையும் தலையாட்டினான். இன்னொரு தம்ளர் நீண்டது.

மாமி ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"வாயில வெக்க முடியாதுன்னு நினைச்சேன் டீச்சர்" என்றாள். "நன்னாருக்காம். யார் கலந்திருந்தாலும் நன்னாத்தான் இருந்திருக்கும் போல இருக்கு."